சுவிட்சில் இருந்த கை

மகள் மின்சாரம் தாக்கி இறந்த வழக்கில் சம்பூர்ணம் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் மிகச் சுருக்கமானது. மகள் நித்யகலா தறி மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்திருந்தாள். மருமகன் கிருபாகரன் சுவரோரம் நின்றிருந்தான். மெயின் சுவிட்சைப் பிடித்து மேலே தள்ளியது அவன் கை. அதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், இப்போது கண்ணை மூடினாலும் அந்தக் கைதான் தெரிகிறது என்றும் சொல்லிவிட்டு, கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளை நம்புவதற்கும் நீதிபதிக்குக் காரணம் இருந்தது, தயங்குவதற்கும் காரணம் இருந்தது. இரண்டும் ஒரே காரணம். சம்பூர்ணத்தின் இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், துணைநினைவுக் கருவி இருந்தது.

சோமனூரில் சொந்தமாகத் தறி ஓட்டிய பெண் அவள். மூளைக்காய்ச்சலில் பிழைத்து எழுந்தபோது பழைய நினைவெல்லாம் அப்படியே இருந்தது, புதிதாக மட்டும் எதுவும் தங்கவில்லை. பேத்தி பிறந்த செய்தியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டு, ஒவ்வொரு நாளும் புதிதாகச் சந்தோஷப்பட்டாள். கருவி வைத்த பிறகுதான் பேத்தியின் பெயர் தன்விகா என்பது அவளுக்கு நிலைத்தது. அதன் பிறகு சமைத்தாள், நூல் கட்டினாள், பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டாள். கருவி பார்ப்பதையும் கேட்பதையும் எழுதி வைத்துக்கொண்டு, அவள் நினைக்கும்போது எடுத்துக் கொடுத்தது.

துணைநினைவை ஒரு கொலை வழக்கில் சாட்சியமாக ஏற்பதா என்ற கேள்வி அதற்கு முன் எழுந்ததில்லை. பதிவு பழுதில்லாமல் இருக்கிறதா என்று தயாரித்த நிறுவனமே சோதித்துச் சான்று தர வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அந்த வேலை கோயமுத்தூர் அலுவலகத்தில் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தது.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. கருவிக்குள் ஓடும் ப்ரோகிராமில் பிழை தேடுவது அவள் வேலை. ப்ரோகிராம் சி மொழியில் எழுதப்பட்டது. அதற்குள்ளேயே ஒரு சிறிய டேட்டாபேஸ் பொதிந்திருந்தது. நடப்பதையெல்லாம் யார், எங்கே, என்ன செய்தார், என்ன சொன்னார் என்று உடைத்து அது பக்கம் பக்கமாக எழுதும். காட்சியையும் குரலையும் தனியே, கருவியை வைத்திருப்பவரின் நரம்புக்கு மட்டும் புரிகிற சங்கேதத்தில் வைத்திருக்கும். வெளியாட்கள் குறிப்புகளைப் படிக்கலாம். பார்க்கவும் கேட்கவும் உரியவரால் மட்டுமே முடியும்.

முதல் சோதனையில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முத்திரை எண் உண்டு. பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது. நித்யகலா இறந்த மாலையின் பக்கத்துக்கு எண் சரியாகப் பொருந்தியது. பிரிவின் தலைவர் ஸ்ரீவத்சன் அதோடு சான்று எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். ஜெசிந்தாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு வரியும் வரிசை எண்ணோடுதான் எழுதப்படும். கிருபாகரனின் கை இருந்த வரியின் எண், அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகளைவிட மிகச் சிறியது. அது முந்தைய வருடத்து வரியின் எண்.

அலுவலகத்தில் எல்லோரும் டேட்டாபேஸைக் குறை சொன்னார்கள். ஜெசிந்தா ஒப்புக்கொள்ளவில்லை. உலகமெங்கும் கோடிக்கணக்கான கருவிகளில் ஓடுகிற டேட்டாபேஸ் அது. அதற்கு வேறு யாரோ தவறானதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். டேட்டாபேஸும் தங்கள் ப்ரோகிராமும் ஒரே நினைவக இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, நடுவில் தடுப்பு கிடையாது. இங்கிருந்து ஒருவன் தவறிப்போய் அங்கே எழுதினாலும் கேட்க ஆளில்லை.

பரிசோதனைக் கூடத்தில் அதே மாதிரிக் கருவி ஒன்றை வைத்துப் பொறி அமைத்தாள். பயன்படுத்தி முடித்து விடுவித்த ஒவ்வொரு இடத்தையும் குப்பை எழுத்துகளால் நிரப்பிப் பூட்டினாள். விடுவித்த பிறகும் யாராவது அந்த இடத்தைத் தொட்டால் ப்ரோகிராம் அங்கேயே நின்றுவிட வேண்டும். கருவி நாள் முழுக்க ஓடியது. மறுநாளும் ஓடியது. நிற்கவே இல்லை.

சம்பூர்ணத்தின் கருவிப் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் மின்கலத்தின் அளவு கண்ணில் பட்டது. அன்று மத்தியானத்துக்கு மேல் அது இறங்கிக்கொண்டே போயிருந்தது. சம்பூர்ணம் மத்தியானம் தலைசாய்க்கும் தலையணைக்கு அடியில்தான் கருவியின் சார்ஜர் இருந்தது. மோட்டாரைப் பழுதுபார்க்க நித்யகலா மெயினை அணைத்ததும் வீட்டுக்கும் மின்சாரம் நின்றிருக்கிறது. தலையணையில் படுத்தும் கருவியில் சார்ஜ் ஏறவில்லை.

ஜெசிந்தா கூடத்துக் கருவியின் மின்கலத்தை இறக்கிவிட்டு ஓட்டினாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்குள் ப்ரோகிராம் நின்றுபோனது. நின்ற இடம், டேட்டாபேஸ் எழுதி முடிக்குமுன்பே தங்கள் ப்ரோகிராம் விடுவித்துவிட்ட இடம்.

கிருபாகரனின் வழக்கறிஞர் ஷாகிதா பானு, கண்டுபிடித்ததைத் தெரிந்துகொள்ள நீதிமன்ற அனுமதியோடு வந்தார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஜட்ஜுக்கும் தெரியாது, ரெண்டு பேருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க என்று கேட்டார்.

"ஒருத்தர் வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறார். சாவி இன்னும் அவர் கையில இருக்கு. வீட்டுக்காரர் அதை வேற ஒருத்தருக்கு விட்டாச்சு. பழைய ஆள் அது தெரியாம சாவியைப் போட்டுத் திறந்து, உள்ள இருக்கற பெட்டியைத் தன்னோடதுன்னு தூக்கிட்டுப் போறார். பேட்டரி குறைஞ்சா எங்க ப்ரோகிராம் அவசரப்படுது மேடம். டேட்டாபேஸ் எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே இடத்தைக் காலி பண்ணிடுது. அந்த இடத்துக்கு வேற நினைவு வந்து உட்காருது. டேட்டாபேஸ் அதையே இன்னைக்கு நடந்ததுன்னு எழுதிடுது."

"முத்திரை எண் சரியா இருந்துச்சே?"

"எழுதறப்போதான் முத்திரை போடும். தப்பை எழுதி, அந்தத் தப்புக்கே முத்திரை போட்டிருக்கு."

ஷாகிதா சிறிது யோசித்துவிட்டு, கிருபாகரனின் கை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். முந்தைய வருடம் ஒரு நாள் அவன் மெயினைப் போட்டதைச் சம்பூர்ணம் பார்த்திருக்கிறாள் என்றாள் ஜெசிந்தா. நித்யகலா இறந்த அன்று, சுவிட்சை எப்படிப் போடுவது என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். கருவி அந்தப் பழைய நினைவை எடுத்துக் கொடுத்த அதே நேரத்தில் இந்தப் பிழை நேர்ந்திருக்கிறது.

வழக்கறிஞர் பேனாவை மூடினார். "சுவிட்ச எப்படிப் போடறதுன்னு அந்தம்மா எதுக்கு நினைச்சுப் பார்க்கணும்?"

அந்தக் கேள்வி ஜெசிந்தாவுக்கும் வந்திருந்தது. பதிலும் அவளுக்குத் தெரியும்.

டேட்டாபேஸில் அழிந்ததாகக் கருதப்படும் பக்கங்கள் உடனே அழிவதில்லை. காலி என்று ஒதுக்கி வைக்கப்பட்டு, அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பழைய எழுத்து அப்படியே கிடக்கும். அந்த மாலையின் உண்மையான பக்கம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரி சிதைந்துபோனதால், காலிப் பக்கங்களோடு சேர்ந்து கிடந்தது. ஜெசிந்தா அதைத் தேடி எடுத்துப் படித்தாள். இரண்டு வரிகள். முதல் வரியில் தறிக்கூடத்திலிருந்து நித்யகலா பேசியது இருந்தது. "அம்மா, மெயினப் போட்டுறாத. நான் மோட்டார்ல கை வெச்சிருக்கேன்." இரண்டாவது வரியில் இடம் தறிக்கூடம், பொருள் மெயின் சுவிட்ச், செயல் மேலே தள்ளியது. யார் என்ற இடத்தில் 'தான்' என்று எழுதியிருந்தது.

முதல் வரி சம்பூர்ணத்துக்கு நினைவாகத் திரும்பி வரவே இல்லை. மகள் எச்சரித்ததைக் கருவி அவளிடம் கொடுக்கவில்லை. சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பியவள், தறிக்குப் பின்னால் குனிந்திருந்த மகளைக் கவனிக்காமல், தறிகள் நின்றிருப்பதை மட்டும் பார்த்து மெயினைப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

ஸ்ரீவத்சன் அதைக் கேட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பாவுக்கும் துணைநினைவு வைத்திருந்தது. பிழையைத் திருத்தி எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிவிடலாம் என்றார். நீதிமன்றத்துக்குப் பதிவு நம்பத்தக்கதல்ல, அந்தக் கை வேறொரு நாளைச் சேர்ந்தது என்று மட்டும் எழுதினால் போதும், அந்தப் பையன் வெளியே வந்துவிடுவான். மற்றதை எழுதினால், மறுநாள் காலை கருவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் நினைவு தன்னுடையதுதானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டு எழுந்திருப்பார்கள் என்றார்.

"அவங்க சந்தேகப்படறதுதான சார் சரி?" என்றாள் ஜெசிந்தா.

"எங்கப்பா தினமும் காலையில என்னைப் பார்த்து வாடா வத்சான்னு கூப்பிடறார். அது மூணு வருஷம் இல்லாம இருந்துச்சு ஜெசி. அதை அவர்கிட்டயிருந்து பிடுங்கச் சொல்றியா?"

முடிவெடுக்குமுன் கிருபாகரனிடம் சொல்லியாக வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். ஷாகிதாவோடு சிறைக்குப் போனாள்.

கிருபாகரன் மெலிந்த மனிதன். பேசும்போது கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்தான். அன்று தறியில் ஏற்றும் பாவு நூல் வாங்கப் பல்லடம் போயிருந்ததை யாரும் நம்பவில்லை. முதல் நாள் தறிகளை விற்பது பற்றி அவனுக்கும் நித்யகலாவுக்கும் நடந்த சண்டையை மட்டும் தெருவே கேட்டிருந்தது. ஜெசிந்தா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். நித்யகலா தாயை எச்சரித்த இடம் வந்ததும் பார்வையாளர் அறையின் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டான். அழுது முடிக்கும் வரை இரு பெண்களும் காத்திருந்தார்கள்.

"அத்தைக்கு இது தெரியுமுங்களா?" என்று கேட்டான்.

தெரியாது என்றாள் ஜெசிந்தா.

"சொல்லாதீங்க மேடம். மருமகன் கொலகாரன்னு நெனச்சுக்கிட்டாவது அவுங்க உசுரோட இருக்கட்டும். இது தெரிஞ்சா அன்னைக்கே போய்ச் சேந்துருவாங்க. எம்புள்ளைக்கு இப்ப அம்மாவும் அவுங்கதானுங்க."

"அப்ப நீங்க?"

"என்னை வெளிய உடுறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் எழுதுங்க."

இப்படித்தான் அந்த அறிக்கை சுருங்கியது. நிறுவனம் மறைக்க விரும்பியதும் கிருபாகரன் மறைக்க விரும்பியதும் ஒன்றாகவே இருந்தன. ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். இரக்கத்துக்காகத்தான் போட்டோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வீடு வந்தபோது அது முழுதாக நம்பும்படியாக இல்லை.

கிருபாகரன் விடுதலையானான். பதிவில் வேறு ஒரு நாள் கலந்துவிட்டது என்று நீதிபதி பொறுமையாக விளக்கியபோது சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவன் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பல்லடத்தில் ஒரு மில்லில் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டான். பாட்டியை விட்டு வர மாட்டேன் என்று குழந்தை அழுததால் விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பான். சம்பூர்ணம் குழந்தையை அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஜெசிந்தாவிடம் இதைச் சொன்னவர் ஷாகிதா.

திருத்திய ப்ரோகிராம் தயாரானது. மின்கலம் நீண்ட நேரம் உழைக்கும் என்ற அறிவிப்போடு அது எல்லாக் கருவிகளுக்கும் போக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் காலிப் பக்கங்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும். அப்படி எழுதச் சொன்னது ஸ்ரீவத்சன். துடைத்துவிட்டால் எந்தக் கருவியிலும் பழைய பிழையின் தடயம் இருக்காது. நித்யகலாவின் குரலும் இருக்காது. ஜெசிந்தா எடுத்தது குறிப்பு வரிகளின் நகலை மட்டும்தான். குரல் சம்பூர்ணத்தின் காதுக்குப் பின்னால் மட்டுமே இருந்தது.

அனுப்புவதற்கு முந்தைய நாள் ஜெசிந்தா சோமனூருக்குப் போனாள். கருவியைக் கடைசியாக ஒருமுறை பரிசோதிக்கப் போவதாகத்தான் அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். சம்பூர்ணத்தின் வீட்டில் மட்டும் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவந்து வைத்தாள் சம்பூர்ணம். குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை.

எப்படித் தொடங்குவது என்று ஜெசிந்தா தடுமாறிக்கொண்டிருந்தபோது சம்பூர்ணமே பேசினாள்.

"கேஸு முடிஞ்சதும் போலீஸ்காரங்க தறிக்கூடத்துச் சாவியக் குடுத்துட்டுப் போனாங்க அம்மிணி. அவ போனதுக்கப்பறம் அன்னைக்குத்தான் உள்ள போனேன். சுவத்துல புது சுவிச்சு இருக்குது. வெள்ளையா, பெட்டி மாதிரி. போன தை மாசம் நாந்தான் ஆளுக் கூப்புட்டு மாத்துனேன். என்ர கண்ணுக்குள்ள மாப்பிள்ளை போடுறது பழைய சுவிச்சுங்க. கறுப்புக் கைப்பிடி வெச்சது."

ஜெசிந்தா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அது அன்னைக்கு நடந்ததில்ல. அவரு அங்க இல்ல. ஊட்டுல இருந்தது நாங்க ரெண்டு பேருதான். ஒருத்தி மோட்டார்ல கை வெச்சிருந்தா." சம்பூர்ணம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஜட்ஜய்யா சொன்னது அப்பத்தான் வெளங்குச்சு. மாப்பிள்ளை ஞாயித்துக்கெழம வந்து நிக்கறாரு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் வெளிய வர்றது?"

இத்தனை நாளும் அவள் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு சமைத்திருக்கிறாள், குழந்தைக்குத் தலை பின்னியிருக்கிறாள்.

"ஒன்னு மட்டும் சொல்லுங்க. மெயினை அமத்திட்டு வேலை செஞ்சாளே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளுங்களா? சொல்லாம உள்ள போற புள்ள இல்லீங்க அவ. சொல்லியிருந்து, நான் கேட்டுட்டு மறந்துருந்தா..."

இல்லை, சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். மறுநாள் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். அந்தப் பொய்யை யாராலும் பொய்யென்று காட்ட முடியாது. கிருபாகரனும் அதைத்தான் விரும்புவான். அந்தப் பெண் கொஞ்சம் தூங்கவும் கூடும். மகளின் கவனக்குறைவு என்று ஊர் பேசும். அதோடு முடியும்.

"சொன்னாங்கம்மா," என்றாள் ஜெசிந்தா. "மெயினைப் போட்டுறாதன்னு சொன்னாங்க. நீங்க மறக்கல. நீங்க கேட்டதை எங்க கருவி உங்களுக்குக் கொடுக்கவே இல்ல. தப்பு அதுலதான் இருக்கு. அது எனக்குத் தெரிஞ்சும் நான் கோர்ட்ல எழுதல."

சம்பூர்ணம் அழவில்லை. மகள் சொன்னது இன்னும் அதற்குள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, நாளைக்கு அழிந்துவிடும், வேண்டுமானால் இப்போது எடுத்துத் தர முடியும் என்றாள் ஜெசிந்தா. கேட்டால் தாங்க முடியாது, சுவிட்சில் உங்கள் கையும் சேர்ந்தே வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள்.

"அவ கொரலக் கேட்டு எத்தனை நாளாச்சு," என்றாள் சம்பூர்ணம். "குடுங்க."

ஜெசிந்தா மடிக்கணினியைத் திறந்து, காதுக்குப் பின்னால் வட்டமான இணைப்பானை வைத்தாள். சிதைந்த முகவரியைத் திருத்தி அந்தப் பக்கத்தை உரிய இடத்தில் சேர்த்தாள். சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் கேட்கிற முகமாக மாறியது. அடுத்தவர் பேச்சைத்தான் கருவி எழுத்தாக்கும், உரியவரின் பேச்சை எழுதாது. அதனால் அன்று சம்பூர்ணம் மகளுக்கு என்ன பதில் சொன்னாள் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அந்த உதடுகள் அசைந்தன.

"செரி சாமி. போடல."

அதன் பிறகு வந்ததையும் அவள் பார்த்தாள். அவள் வலது கை நாற்காலியின் கையை விட்டு மேலே எழுந்து, பாதியில் நின்றது. ஜெசிந்தா அதைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் குழந்தையை இறக்கிக் கூட்டி வந்தாள். கைகால் கழுவிவிட்டு, சாப்பிட உட்கார வைத்தாள். பிறகு வந்து ஜெசிந்தாவின் முன்னால் நின்றாள்.

"இத அழிச்சுறாதீங்க."

"அழிக்க மாட்டேம்மா."

"ஆஸ்பத்திரியில எம்பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவருக்கும் இதே மிஷினுத்தான் வெச்சாங்க. அந்தக் கோடி கட்டில்ல ஒரு காலேஜ் பையனுக்கு. அவுங்களுக்கெல்லாம் யாருங்க சொல்லுவா?"

ஜெசிந்தா எழுந்து மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள். கிருபாகரனுக்குத் தான் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருவார், நானே கேட்டைத் திறக்கிறேன் என்றாள் சம்பூர்ணம்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஜெசிந்தா ஷாகிதா பானுவை அழைத்தாள். அறிக்கையில் விட்டதை நீதிமன்றத்தில் சொல்லிவிடப் போவதாகவும், நாளைக் காலை அனுப்பப்போகும் திருத்தத்துக்கு நீதிமன்றத் தடை வாங்க வேண்டும் என்றும், அதற்கான ஆதாரத்தை இப்போதே எடுத்துக்கொண்டு வருவதாகவும் சொன்னாள். இதைச் செய்தால் வேலை மட்டுமல்ல, பொய் அறிக்கை கொடுத்ததற்காக வழக்கும் அவள் மேல் வரும் என்றார் வழக்கறிஞர். தெரியும் என்றாள் ஜெசிந்தா.

அடுத்து ஸ்ரீவத்சனை அழைத்து, தான் செய்யப்போவதைச் சொன்னாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள்.

"ஜெசி," என்றார் மிகத் தாழ்ந்த குரலில். "போன மாசம் அப்பா என்கிட்ட ஒன்னு சொன்னார். எங்கம்மாவை நான் ஆஸ்பத்திரியில தனியா விட்டுட்டு வந்துட்டேன்னு. அன்னைக்கு நான் அவங்க பக்கத்துலயேதான் இருந்தேன். அவருக்கு வயசாச்சு, ஏதோ சொல்றார்னு விட்டுட்டேன்."

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. கோயமுத்தூர் பஸ் வந்து நின்றது. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஏறினாள்.